விறகடுப்பைச் சோதிப்பது எதற்காக?

விறகடுப்பு வடிவமைப்பதும் சோதிப்பதும்தான் என் வேலை என்று யாரிடம் சொன்னாலும், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: உங்கள் அடுப்பின் பயனுறுதிறன், அதாவது விறகின் ஆற்றலில் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் பங்கு, எத்தனை சதவீதம்? நிதி தருபவர்கள் அதைக் கேட்கிறார்கள். அரசுத் திட்டங்களின் விண்ணப்பப் படிவங்கள் அதைக் கேட்கின்றன. விறகு மிச்சமாவதால் குறையும் கார்பன் உமிழ்வை விற்கத்தக்க கார்பன் வரவாகக் கணக்கு எழுதுபவர்கள் ஏறக்குறைய அதை மட்டுமே கேட்கிறார்கள். நானும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் விறகைச் சேமிப்பது, புகையைக் குறைப்பது என்ற இரு வேறு வேலைகளை அந்த ஒரே எண் தன்னுள் போட்டுக் குழப்பி வைத்திருப்பதையும், அந்தக் குழப்பத்தாலேயே பல நல்ல அடுப்புகள் தவறான திசையில் திருத்தப்படுவதையும் விளக்க அந்தப் படிவங்களில் இடம் இருப்பதில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

உலகில் இன்னும் 200 கோடிக்கும் அதிகமானோர் விறகு, கரி, பயிர்க் கழிவு, வறட்டி, மண்ணெண்ணெய், நிலக்கரி ஆகியவற்றை நம்பித்தான் சமைக்கிறார்கள். இவற்றிலிருந்து வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த நிலை மாற மின்சாரமும் எரிவாயுவும் எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவை வந்து சேரும் வரையிலும், வந்த பிறகும் கூடவே விறகு எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், அடுப்பைத் திருத்தும் வேலைக்கு இன்னும் நெடுங்காலம் தேவை இருக்கிறது.

மூன்று கற்களை வைத்து மூட்டிய திறந்த தீயைப் பற்றிப் பலரும் நினைப்பதற்கு மாறான ஓர் உண்மை உண்டு. அந்தத் தீ விறகை மோசமாக எரிப்பதில்லை. விறகிலுள்ள ஆற்றலில் 90 சதவீதத்துக்கும் மேலான பகுதியை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது. குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அப்படிக் கிடைத்த வெப்பத்தில் பாத்திரத்துக்குள் போய்ச் சேர்வது 10 முதல் 15 சதவீதம் வரைதான். மீதி காற்றோடும் தரையோடும் போய்விடுகிறது. ஆகவே விறகைச் சேமிக்க விரும்புபவர் எரிதலைத் திருத்துவதால் பெரிய பயன் அடைய மாட்டார். வெப்பம் பாத்திரத்துக்குக் கடத்தப்படும் வழியைத்தான் அவர் திருத்த வேண்டும். மறுபுறம், சமைப்பவரின் நுரையீரலைக் கெடுப்பது எரியாமல் தப்பிப்போகும் அந்தச் சில சதவீதம்தான். எரிதல் 92 சதவீதத்திலிருந்து 97 சதவீதத்துக்கு உயர்ந்தால் விறகுக் கட்டில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எரியாமல் போகும் பகுதி பாதிக்கும் கீழே குறைந்துவிடும். இவற்றை இரண்டு தனிச் சிக்கல்களாகப் பார்க்கத் தொடங்கினால்தான் வடிவமைப்பு தெளிவாகிறது.

முதலில் எரிதலை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கும் அதிகமானது சூடேறும்போது ஆவியாக வெளியேறிவிடும். நாம் சுடர் என்று பார்ப்பது அந்த ஆவி எரிவதைத்தான். எஞ்சுவது கரி, அது சுடரின்றித் தணலாக எரிகிறது. ஆவி முழுமையாக எரிய மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: போதிய வெப்பநிலை, போதிய நேரம், காற்றோடு நன்றாகக் கலத்தல். 1982இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள அப்ரவேச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய ராக்கெட் அடுப்பின் சிறப்பு, இந்த மூன்றையும் எந்த இயந்திரமும் இல்லாமல் ஒரு முழங்கை வடிவக் குழாய்க்குள் அடக்கியதில் இருக்கிறது. கிடைமட்டப் பகுதியில் விறகின் நுனி மட்டும் எரிகிறது. அதோடு இணைந்த நிமிர்ந்த பகுதி குட்டைப் புகைபோக்கியாகி இழுவிசையைத் தருகிறது. சுற்றிலும் உள்ள வெப்பக்காப்பு உட்சுவரைச் செந்தழல் நிலையில் வைத்திருக்கிறது. சுடர் பாத்திரத்தைத் தொடுவதற்கு முன் அந்தச் சூடான குழாய்க்குள் சிறிது தூரம் பயணம் செய்கிறது. அந்தச் சிறு பயணத்தில்தான் புகையின் பெரும்பகுதி எரிந்துபோகிறது.

இங்கே வெப்பக்காப்பு என்று சொல்லும்போது ஒரு பழைய பிழையையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. தடித்த களிமண் சுவர் வெப்பத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் பல பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது. உண்மையில் கெட்டியான களிமண் வெப்பத்தைக் காப்பதில்லை, விழுங்குகிறது. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எரியறையைச் சுற்றியுள்ள 10 கிலோ களிமண்ணின் வெப்பநிலை 300 டிகிரி உயர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ களிமண்ணை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.9 கிலோஜூல் தேவை என்பதால், அதற்கு மட்டும் 2.7 மெகாஜூல் செலவாகும். ஓரளவு உலர்ந்த விறகில் அது கிட்டத்தட்ட 200 கிராம். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் விறகில் பாதி அளவு, பாத்திரத்தைத் தொடாமலேயே சுவருக்குள் போய்விடுகிறது. நாள் முழுவதும் அணையாமல் எரியும் பெரிய சமையற்கூட அடுப்பில் இந்த இழப்பு ஒருமுறைதான் ஏற்படும், பொறுத்துக்கொள்ளலாம். வேளைக்கு வேளை மூட்டி அணைக்கும் வீட்டு அடுப்பில் ஒவ்வொரு வேளையும் அந்தச் சுவருக்கு முதலில் படியளந்தாக வேண்டும். காற்றுப் புழைகள் நிறைந்த எடை குறைந்த செங்கல், சலித்த சாம்பல், எரிமலை நுரைக்கல், சூட்டில் உப்பி எடை குறைந்த வெர்மிக்குலைட் கனிமம் போன்றவைதான் உண்மையான காப்புப் பொருள்கள். அவை வெப்பத்தைக் காப்பதற்குக் காரணம் அவற்றுள் சிறைப்பட்டிருக்கும் காற்று. ஆனால் எடை குறைந்த பொருள் எளிதில் உடையும், தேயும். இந்தத் தொழிலின் பாதித் தலைவலி அங்கிருந்து வருகிறது.

இனி வெப்பக் கடத்தல். சூடான வாயு பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் உரசிச் செல்லும்போதுதான் வெப்பம் உள்ளே இறங்குகிறது. பாத்திரத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் மெல்லிய வாயுப் படலம்தான் இதற்குப் பெரிய தடை. அந்தப் படலத்தைக் குறுக்குவதற்காகவே பாத்திரத்தைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் பொருத்தப்படுகிறது. தகட்டுக்கும் பாத்திரத்துக்கும் இடையே ஒரு விரலுக்கும் குறைவான இடைவெளியில் வாயு மேலேறுகிறது. இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் வெப்பக் கடத்தல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆனால் குறுகிய வழியில் வாயு ஒழுகும் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், ஓட்டத்துக்கான தடை அதே நேரத்தில் எட்டு மடங்காகிவிடும். இழுவிசை குட்டைக் குழாயிலிருந்து கிடைக்கும் அற்ப விசைதான் என்பதால், அந்தத் தடையைத் தீ தாங்காது. எரியறைக்குக் காற்று குறைந்து, சுடர் விறகு நுழையும் வாய் வழியாகவே வெளியே நாக்கை நீட்டும். சில மில்லிமீட்டர் வேறுபாட்டில் ஒரு நல்ல அடுப்பு புகைமூட்டமாகிவிடுகிறது. சமையலறையில் உள்ள பாத்திரங்கள் அளவுக்கு அளவு வேறுபடும் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால், ஒரே ஒரு பாத்திரத்துக்கென்று அமைத்த வளையத்தோடு வரும் அடுப்புகள் ஏன் வளையம் கழற்றப்பட்ட நிலையிலேயே பயன்பாட்டில் இருக்கின்றன என்பது விளங்கும்.

இரண்டு வேலைகளும் நேருக்கு நேர் மோதும் இடமும் இதுதான். பாத்திரத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் சுவர் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். சுடருக்கு அது குளிர்ந்த பொருள். எரிந்து முடியாத சுடர் அதைத் தொட்டவுடன் அணைந்து, எரிந்துகொண்டிருந்த கார்பன் புகைக்கரியாகப் படிகிறது, கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியேறுகிறது. பாத்திரத்தைத் தீக்கு அருகே இறக்கினால் விறகு மிச்சமாகும், புகை கூடும். மேலே உயர்த்தினால் புகை குறையும், விறகு அதிகம் போகும். பயனுறுதிறன் என்ற ஒரே எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பைத் திருத்துபவர் தன்னையறியாமல் பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டே போவார், எண்ணும் ஒவ்வொரு முறையும் உயர்ந்து அவரைப் பாராட்டும். விறகு மிச்சமானால் புகையும் தானாகவே குறையும் என்று சொல்லப்பட்டு வழங்கப்பட்ட அடுப்புகள் பல இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

மோதலைத் தவிர்க்க இன்னொரு வழி, ஆவியாதலையும் எரிதலையும் இடத்தால் பிரித்துவிடுவது. மேலிருந்து பற்றவைக்கும் வாயுவாக்கி அடுப்புகள் இதைச் செய்கின்றன. உருளையில் நிரப்பிய எரிபொருளின் உச்சியில் தீ வைத்தால், கனல் அடுக்கு மெல்லக் கீழே இறங்கும். அதிலிருந்து எழும் வாயு, உருளையின் விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வரும் இரண்டாம் நிலைக் காற்றோடு கலந்து தூய்மையாக எரியும். சிறு விசிறி ஒன்றைச் சேர்த்துக் காற்றை வேகமாகச் செலுத்தினால் கலத்தல் இன்னும் சிறக்கும். உருண்டைகளாக அழுத்தப்பட்ட சீரான எரிபொருளோடு விசிறி அடுப்பு எரிவாயு அடுப்பை நெருங்கும் அளவுக்குச் சுத்தமாக எரிவதை ஆய்வகத்தில் காணலாம். அதே அடுப்பில், சமையல் பாதியில் நிற்கும்போது மேலே ஒரு கைப்பிடி ஈரச் சுள்ளியைப் போட்டால் சுடர் அணைந்து, வெண்புகை பொங்கிவரும். விசிறியின் மின்கலம் தீர்ந்துபோனால், சாதாரண அடுப்பைவிட மோசமாகிவிடும். எனக்கு இந்த அடுப்புகள் மீது மதிப்பு உண்டு. ஆனால் எரிபொருளைத் தயாரித்து வழங்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் அடுப்பை மட்டும் கொடுப்பது அரை வேலை.

இப்போது சோதனைக்கு வருவோம். மிகப் பரவலாகப் பயன்படுவது நீர் கொதிப்புச் சோதனை. 1980களில் வீட்டா என்ற தன்னார்வத் தொழில்நுட்ப அமைப்பு வகுத்த முறையிலிருந்து வளர்ந்து, பலமுறை திருத்தப்பட்டது. குறித்த அளவு தண்ணீரைக் குளிர்ந்த அடுப்பில் ஒருமுறையும், சூடான அடுப்பில் ஒருமுறையும் கொதிக்க வைக்க வேண்டும். பின்னர் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே 45 நிமிடம் வைத்திருக்க வேண்டும். பாத்திரத்தின் நடுவில், அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி தொங்கும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், தண்ணீர் கொதித்த அந்தக் கணத்துக்குப் பிந்தைய ஒரு நிமிடம் சோதிப்பவருக்குப் பரபரப்பானது. நேரத்தைக் குறித்து, விறகுகளை வெளியே இழுத்து, நுனியில் ஒட்டியிருக்கும் கனலைத் தட்டித் தட்டில் விழச்செய்து, எரியறையில் கிடக்கும் தணலையும் வாரி எடுத்து, பாத்திரம், எஞ்சிய விறகு, கரி என்று மூன்றையும் எடை பார்க்க வேண்டும். தட்டில் கிடக்கும் தணல் எரிந்துகொண்டே இருப்பதால், தராசில் எண் கண்ணெதிரே குறைந்துகொண்டே போகும். எந்த எண்ணை எழுதுவது என்பது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அந்தக் கரியின் எடை பின்னால் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு கற்பனைச் சோதனையை வைத்துக் காட்டுகிறேன்.

இரண்டரை லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்ந்தது. அதில் 200 கிராம் ஆவியாகிப் போனது. 20 சதவீத ஈரம் கொண்ட விறகு 370 கிராம் செலவானது. 40 கிராம் கரி மிஞ்சியது என்று கொள்வோம். தண்ணீரைச் சூடாக்க 785 கிலோஜூல், ஆவியாக்க 452 கிலோஜூல், ஆக மொத்தம் 1,237 கிலோஜூல். விறகின் ஆற்றல், அதன் ஈரத்தை விரட்டும் செலவைக் கழித்த பிறகு, சுமார் 5.14 மெகாஜூல். வகுத்தால் பயனுறுதிறன் 24 சதவீதம். மிஞ்சிய கரி வீணாகவில்லை, அதன் ஆற்றலான 1.16 மெகாஜூலைச் செலவிலிருந்து கழிக்கலாம் என்று வாதிட்டால் அதுவே 31 சதவீதமாகிறது. நீராவி எதையும் சமைக்கவில்லை, அதை வரவில் சேர்க்கக் கூடாது என்று எதிர்த்திசையில் கறாராக இருந்தால் 15 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரே தீ, ஒரே தண்ணீர், ஒரே தராசு. விடை மட்டும் 15, 24, 31. கரிக்கு வரவு கொடுப்பது சரியா என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. சமைப்பவர் அந்தக் கரியைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துகிறாரா, சாம்பலோடு கொட்டிவிடுகிறாரா என்பதே விடை. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2018இல் வெளியிட்ட, அடுப்புகளின் ஆய்வகச் சோதனைக்கான 19867-1 தரநிலை இரண்டு முறையிலும் கணக்கிட இடம் தருகிறது. விளம்பரத் தாளில் அச்சாவது எந்த எண் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் தம் அடுப்பின் எண்ணைச் சொன்னால் கரியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

அந்த எண்ணைச் சுற்றியுள்ள ஐயமும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. விறகுத் தீ ஒருமுறை எரிந்ததுபோல் மறுமுறை எரியாது. ஒரே அடுப்பை ஒரே ஆள் இயக்கினாலும் முடிவுகள் சராசரியிலிருந்து 10 சதவீதம் விலகுவது சாதாரணம். வழக்கமாக மூன்று சோதனைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றே சோதனைகளும் 10 சதவீத விலகலும் இருந்தால், 95 சதவீத நம்பக எல்லை சராசரிக்கு இருபுறமும் ஏறத்தாழ 25 சதவீதம் வரை விரியும். அதாவது 25 என்று அறிவிக்கப்பட்ட அடுப்பின் உண்மை எண் 19 ஆகவும் இருக்கலாம், 31 ஆகவும் இருக்கலாம். பத்துச் சோதனைகள் செய்தால் அந்த விரிவு 7 சதவீதத்துக்குச் சுருங்கும். எரியறையின் உயரத்தை 2 சென்டிமீட்டர் கூட்டியதால் திறன் 26இலிருந்து 28க்கு உயர்ந்தது என்று மூன்று சோதனைகளை வைத்து முடிவு கட்டுபவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் விறகாவது மிச்சமாகியிருக்கும்.

புகையை அளப்பதில் செலவு அதிகம், ஆனால் வடிவமைப்பவருக்கு உண்மையில் பாடம் சொல்லிக்கொடுப்பது அதுதான். அடுப்புக்கு மேலே ஒரு கூண்டு புகை முழுவதையும் உறிஞ்சும். அதில் சிறு பகுதி ஒரு வடிதாள் வழியாகச் செலுத்தப்படும். சோதனைக்கு முன்னும் பின்னும், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைத்து அந்தத் தாளை மைக்ரோகிராம் அளவுக்கு எடை பார்த்தால் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான நுண்துகளின் எடை கிடைக்கும். எடையை எழுதிக்கொண்டு தாளை எறிந்துவிடுபவர்கள் ஒரு நல்ல சாட்சியைத் தொலைக்கிறார்கள். தாள் மையிருட்டாக இருந்தால் துகள் சுடரிலிருந்து வந்த புகைக்கரி; சுடர் பாத்திரத்தில் மோதி அணைகிறது அல்லது காற்றோடு கலக்க இடமின்றித் தவிக்கிறது என்று பொருள். தாள் மஞ்சளும் பழுப்புமாகப் பிசுபிசுத்துக் கிடந்தால் அது தார்; சுடர் எழுவதற்கு முன்போ அணைந்த பின்போ விறகு புகைந்துகொண்டிருந்திருக்கிறது, கோளாறு பற்றவைப்பதிலோ விறகைச் சேர்க்கும் முறையிலோ இருக்கிறது. எடை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், வைத்தியம் முற்றிலும் வேறு. நொடிக்கு நொடி பதிவாகும் கார்பன் மோனாக்சைடு வரைபடத்தையும் உடன் வைத்துப் பார்த்தால், மொத்தப் புகையின் பெரும்பங்கு மூட்டும் முதல் சில நிமிடங்களிலும் விறகு தள்ளும் கணங்களிலும் வந்திருப்பது தெரியும். சீராக எரியும் நிலையை மேலும் செம்மைப்படுத்துவதில் மாதக்கணக்கில் செலவிடுவதைவிட, மூட்டுவதை எளிதாக்குவது பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

ஐ.எஸ்.ஓ. அடுப்புகளை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரிக்கிறது. வெப்பத் திறனுக்கு நான்காம் படி 40 சதவீதம், ஐந்தாம் படி 50 சதவீதம். நுண்துகளுக்கு, பாத்திரத்துக்குள் சேர்ந்த ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 62 மில்லிகிராமுக்குள் இருந்தால் நான்காம் படி, 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஐந்தாம் படி. நான்காம் படி என்று கேட்டதும் தேர்ச்சி பெற்றுவிட்டதாகத்தான் தோன்றும். 3 கிலோவாட் வேகத்தில் எரிந்து 30 சதவீதத் திறனுடன் சமைக்கும் ஓர் அடுப்பு நிமிடத்துக்கு 0.054 மெகாஜூலைப் பாத்திரத்துக்குள் செலுத்தும். நான்காம் படியின் எல்லையில் அது நிமிடத்துக்கு 3.3 மில்லிகிராம் நுண்துகளை உமிழும். புகைபோக்கி இல்லாத அடுப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்த எல்லை நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம். பதினான்கு மடங்கு இடைவெளி. ஐந்தாம் படியின் எல்லையைப் போட்டுப் பார்த்தால் 0.27 வரும், அதாவது சுகாதார எல்லைக்கு அருகில் வந்து நிற்கும். இயற்கை இழுவிசையில் இயங்கும் விறகடுப்பு அந்தப் படியைத் தொடுவது மிகக் கடினம். புகைபோக்கி வைத்தால் எல்லை 0.80 ஆகத் தளர்கிறது. அந்தப் புகை அண்டை வீட்டுக்கும், அங்கிருந்து திரும்பவும் வருவதுண்டு என்றாலும், அறையின் காற்றுக்கு அது செய்யும் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குவாத்தமாலாவில் புகைபோக்கியுள்ள அடுப்பைக் கொண்டு நடந்த ரெஸ்பயர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. சமையலறையில் கார்பன் மோனாக்சைடு சுமார் 90 சதவீதம் குறைந்தது. குழந்தைகள் சுவாசித்த அளவு பாதியளவுதான் குறைந்தது, ஏனென்றால் குழந்தை சமையலறைக்குள்ளேயே இருப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள காற்றும் தூயதல்ல. 2011இல் வெளியான அதன் முடிவுகளில், மருத்துவர் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடுமையான நிமோனியா குறைந்திருந்தது. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உட்படுத்தி, விசிறி அடுப்புகளை வழங்கி நடந்த ஆய்வு 2017இல் வெளியானபோது, நிமோனியாவில் வேறுபாடே காணப்படவில்லை. புகைக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்க்கோடாக இல்லாமல், குறைந்த அளவுகளில் செங்குத்தாக ஏறி, அதிக அளவுகளில் தட்டையாகிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். மிக அதிகத்திலிருந்து அதிகத்துக்கு இறங்குவதால் கிடைக்கும் பலன் சொற்பம்.

ஆய்வகத்துக்கும் சமையலறைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை இங்கே சேர்க்காமல் விட முடியாது. ஆய்வகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குச் சீவப்பட்ட உலர்ந்த குச்சிகள். சமையலறையில் கைக்குக் கிடைத்த கிளை, அதுவும் மழைக்காலத்தில் பாதி ஈரத்தோடு. ஆய்வகத்தில் தீயைத் தவிர வேறு வேலை இல்லாத ஒருவர் நொடிதோறும் குச்சியைத் தள்ளிக்கொண்டிருப்பார். சமையலறையில் சமைப்பவருக்குத் தீ பல வேலைகளில் ஒன்று. சிறிய வாய் கொண்ட அடுப்பு விறகைச் சேமிக்கிறது, ஆனால் அந்த வாய்க்கு ஏற்றபடி விறகைப் பிளக்கும் உழைப்பை ஒருவர் தலையில் கட்டுகிறது. பெரும்பாலும் பெண்கள் தலையில். அந்த உழைப்பு எந்தச் சோதனை அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

இதை ஈடுசெய்யத்தான், உள்ளூர்ச் சமையலை உள்ளூர்ச் சமைப்பவரைக் கொண்டே செய்யவைத்துப் பார்க்கும் சமையல் சோதனையும், வீட்டிலேயே பல நாள் விறகை எடை போட்டுப் பார்க்கும் சமையலறைச் சோதனையும் வகுக்கப்பட்டன. 2019இல் வந்த ஐ.எஸ்.ஓ. 19869 களச் சோதனைக்கென்றே எழுதப்பட்டது. அடுப்பில் ஒட்டிவைக்கும் சிறு வெப்பநிலைப் பதிவுக் கருவிகள் புதிய அடுப்பு, பழைய அடுப்பு இரண்டும் எப்போது எரிந்தன என்பதை வாய்விட்டுக் கேட்காமலேயே சொல்லிவிடுகின்றன. அவற்றின் பதிவுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்றுதான்: பழைய அடுப்பு ஓய்வு பெறுவதில்லை. புதிய அடுப்பு பழையதைவிட 95 சதவீதம் குறைவாகப் புகைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சமையலில் கால் பங்கு மட்டும் பழைய அடுப்பில் தொடர்ந்தால், மொத்தப் புகை முன்பிருந்ததில் 29 சதவீதமாக நிற்கும். புதிய அடுப்பை மேலும் செம்மைப்படுத்தி அதன் புகையைச் சுழியமாக்கினாலும் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. ஆக, இந்த நிலையில் நுண்துகளை இன்னும் குறைப்பதைவிட, எந்தச் சமையலுக்காகப் பழைய அடுப்பை மூட்டுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. பெரிய பாத்திரம் நிற்கவில்லையா, கிளறும்போது அடுப்பு ஆடுகிறதா, தீயை வேண்டிய அளவுக்குத் தணிக்க முடியவில்லையா என்பன போன்ற காரணங்கள்தான் பெரும்பாலும் வெளிவரும்.

விறகு மிச்சத்தைக் கார்பன் வரவாக விற்கும் திட்டங்கள் பெருகிய பிறகு, இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான ஊக்கம் குறைந்துவிட்டது. 2024இல் நேச்சர் சஸ்டைனபிலிட்டி இதழில் வெளியான ஓர் ஆய்வு, அடுப்புத் திட்டங்கள் உண்மையில் சேமித்ததைப்போலச் சுமார் 9 மடங்கு வரவு எழுதிக்கொண்டதாகக் கணக்கிட்டது. பயன்பாட்டைப் பற்றிய மிகை மதிப்பீடு அதில் முக்கியமான பங்கு வகித்தது.

கடைசியாக, நீடித்து உழைத்தல். எரியறைக்குள் வெப்பநிலை 800 டிகிரியைத் தாண்டும்; பயிர்க் கழிவிலும் விறகிலும் உள்ள பொட்டாசியமும் குளோரினும் அந்த வெப்பத்தில் உலோகத்தை அரிக்கும். மெல்லிய சாதாரண எஃகுத் தகடு சில மாதங்களில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகும் நெளியும். பீங்கான் உள்ளறை விரிசல் விடும். ஒடிசாவில் புகைபோக்கியுள்ள மண் அடுப்புகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்திய ஆய்வில், முதலாண்டில் காணப்பட்ட புகைக் குறைவு அதற்குப் பிறகு மறைந்துபோனது. பழுதுபார்ப்பும் பயன்பாடும் குறைந்ததே காரணம். ஆகவே புது அடுப்பில் பெற்ற சோதனை எண்ணை நான் பாதி முடிவாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். சமையலறையில் ஓராண்டு உழைத்த சில அடுப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, அந்த வீட்டாருக்கு மாற்று அடுப்பு கொடுத்துவிட்டு, பழையதைக் கழுவாமல், திருத்தாமல் அப்படியே கூண்டுக்கு அடியில் வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். காப்புப் பொருள் அதிர்ந்து கீழே இறங்கி மேல்பகுதி வெறுமையாகியிருக்கிறதா, விறகு தாங்கும் கம்பி வளைந்து காற்று வழியை அடைத்திருக்கிறதா, இரண்டாம் நிலைக் காற்றின் துளைகளில் எத்தனை தூர்ந்திருக்கின்றன, பாத்திரம் நிற்கும் முளைகள் தேய்ந்து இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்த பிறகு, வடிதாளின் நிறத்தைப் புது அடுப்பின் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த வடிவத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.